பதினான்கு வாசல் வேப்பிலை

9-2-1966, புதன்

ஆசிரியர் அழைத்தார். அம்மை குத்தும் வாக்ஸினேட்டர் வேலைக்கு இனி அந்தப் பெயரில் ஆள் எடுக்கப்போவதில்லை என்று பேச்சு அடிபடுகிறதாம். அந்த உத்தியோகத்தின் கதையை ஒரு முழுப் பக்கம் எழுத வேண்டும். "அவசரமில்லை ஓய். தப்பில்லாம வேணும், அவ்வளவுதான்" என்றார். இருபது வருஷமாக இதையேதான் சொல்கிறார்.

12-2-1966, சனி

பழைய ஜில்லா போர்டு அறிக்கைகளைப் புரட்டினேன். தும்மல் நிற்கவில்லை.

சுகாதார இலாகாவில் கடைசிப் படி இது. இவருக்கு மேலே இன்ஸ்பெக்டர். கீழே ஒருவரும் இல்லை. தோளில் பெட்டி, சட்டையில் பித்தளை வில்லை. கிண்டியிலிருந்து ரயிலில் வரும் ஊசிமருந்தான அம்மைப்பாலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். கணக்குப்பிள்ளையிடம் பிறந்த குழந்தைகளின் பட்டியலை வாங்கி வீடு வீடாக ஏற வேண்டும். திருகினால் தோலை வட்டமாகக் கீறும் ஊசி. குழந்தை வீறிடும், தாய் திட்டுவாள்.

என் சிறுவயதில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அகத்துக்கும் வருவார் ஒருவர். என்னை மாட்டுக்கொட்டிலில் ஒளித்து வைத்தார்கள். வைக்கோல் தூசியில் தும்மிவிட்டேன். கையில் இரண்டு தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த மனிதரின் முகம் நினைவில்லை. விளக்கில் சுட்ட ஊசியின் வாசனைதான் நினைவிருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் என் பழைய செய்திக் கத்தரிப்புகளை எடுத்தேன். 18-3-1951. என் முதல் முன்பக்கச் செய்தி. 'ஜீயபுரம் அருகே ஒரே தெருவில் பதினான்கு வீடுகளில் வைசூரி. சுகாதார ஊழியர் மறைத்தாரா?' காலையில் சைக்கிளில் போய், வேப்பிலை செருகிய வாசல்களை இருமுறை எண்ணி, மத்தியான பஸ்ஸில் செய்தியைக் கொடுத்தனுப்பினேன். அந்தக் காவிரிக் கரைச் சாலை, வாழைத்தோட்டத்துக் குளிர்ச்சி, முப்பத்தாறு வயசுக் கால்கள். இன்று நினைத்தாலும் இனிக்கிறது.

20-2-1966, ஞாயிறு

இனிப்பு போயிற்று.

ஜில்லாவிலேயே அதிக நாள் வேலை பார்த்த வாக்ஸினேட்டர் அடைக்கலம், எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறார் என்று சொன்னார்கள். போனேன். ஒல்லியான மனிதர், நிமிர்ந்த முதுகு. உட்காரச் சொன்னார். பெயரையும் பத்திரிகையையும் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவி அமிர்தம் வந்து நின்றார்.

"பதினாலுன்னு எழுதுனது இவருதானா?"

"சும்மா இரு, அமிர்தம்."

"பதினஞ்சு வருசமா சும்மாதான் இருக்கேன்" என்றார். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. தண்ணீரும் வரவில்லை.

நான் எழுதிய 'சுகாதார ஊழியர்' இவர். அன்று நான் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

நோய் கண்ட வீடு எத்தனை என்று கேட்டேன்.

"மூணுங்க, அத மேல எழுதிக் குடுத்துட்டேன். மீதிப் பதினொண்ணும் எனக்காகக் கட்டுனது."

"உங்களுக்காகவா?"

"வேப்பில இருந்தா ஊசிக்காரன் படியேற மாட்டான்னு. பிள்ளைங்க கையக் கீறிடுவேனாம்."

"பொய் வேப்பிலைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

சிரித்தார். "வாசல்ல வேப்பில தொங்குது, உள்ள கடுகு வெடிக்குது. அம்மை போட்ட வீட்டுல யாருங்க தாளிப்பாங்க?"

எனக்குத் தெரியாதா? எங்கள் தெருவிலும் அம்மை கண்ட வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பதினான்கு வாசலிலும் நின்றேனே. தாளித்த வாசனை வந்ததா வரவில்லையா? நினைவில்லை. கண்ணை மட்டும் கொண்டுபோயிருக்கிறேன்.

என் செய்தியால் வந்த விசாரணையில் இதைச் சொல்லவில்லையாம். சொன்னால் போலீஸோடு போய் வேப்பிலையைப் பிடுங்குவார்கள், அப்புறம் அந்த ஊருக்குள் எந்த ஊசியும் நுழையாது என்று வாயை மூடிக்கொண்டார். மூன்று மாதம் வேலை நீக்கம். 'நோய்ப் பரவலை மறைத்தவர்' என்று சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு வரி. இன்ஸ்பெக்டர் பயிற்சிக்கு இருந்த பெயரும் போயிற்று. ஜூன் முப்பதில் ஓய்வு.

"பதவி வேணாங்க. அந்த ஒரு வரி போனாப் போதும். நோய் கண்ட மூணு வீட்டுல ஒண்ணுல ஒரு பிள்ள போயிருச்சு. நான் மறைச்சதாலதான்னு பேச்சு. அமிர்தம் பொறந்த ஊருங்க அது. அன்னையிலேருந்து அந்தப் பக்கம் போகல அவ."

21-2-1966

எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியும் ஓடவில்லை. எண்ணினாயே ஐயா, இருமுறை எண்ணினாயே. ஒரு கதவைத் தட்டினாயா?

6-3-1966, ஞாயிறு

திருத்தம் வந்துவிட்டது. நான்காம் பக்கம், கீழே. 'நோயாளிகளைக் காணாமல் வேப்பிலையை எண்ணி எழுதியது இந்த நிருபரின் பிழை. நோய் கண்ட வீடுகள் மூன்று என்று இப்போது தெரிகிறது.' ஆசிரியர் முகத்தைச் சுளித்தார். "பதினஞ்சு வருஷம் கழிச்சு யார் ஓய் கேட்டா?"

என் மனைவி செண்பகவல்லி படித்துவிட்டு, "அன்னிக்கு முதல் பக்கத்திலேன்னா போட்டேள்?" என்றாள்.

14-3-1966, திங்கள்

சுகாதார அலுவலகம். டாக்டர் இன்னாசிராஜ், பொறுப்புக்கு வந்து ஆறு மாதம்தான். கனிவாகவே பேசினார். "பேப்பர்ல திருத்தம் வந்தா ரிஜிஸ்டர் திருந்தாது சார். அந்த வீட்டுக்காரங்க யாராவது வந்து சொல்லணும்."

அடைக்கலத்திடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டார். "ஆத்தா பேர்ல பொய் சொன்னேன்னு ஆபீஸ்ல வந்து சொல்லணுமா அவங்க? வேணாங்க. இருந்துட்டுப் போகட்டும் அந்த வரி."

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட என்னால் முடியவில்லை.

3-4-1966, ஞாயிறு

அவரிடம் சொல்லாமல் ஜீயபுரம் போனேன். காவிரியில் மணல்தான். நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர். தெரு அப்படியே இருக்கிறது, ஓடுகள் மட்டும் புதிது.

ஐந்தாவது வாசல், பொன்னுத்தாய். அறுபது இருக்கும். வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார்.

"வாசல் எண்ணிட்டுப் போன சாமி நீங்கதானா? இப்ப எத எண்ண வந்தீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். நார் கிழிப்பது நின்றது.

"ஊசிக்காரருக்கு வேல போச்சுன்னு தெரியும். எங்களாலன்னு தெரியாதே. அவரு சொல்லலையே!" பிறகு, மெதுவாக: "அவரு பார்த்துட்டாரு சாமி. கொழம்பு தாளிச்சுக்கிட்டிருந்தேன். என்னைப் பார்த்தாரு, வேப்பிலையப் பார்த்தாரு. கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. மறுநாளு காலையில வாழக்கொல்லையில வந்து நிக்கிறாரு பெட்டியோட. 'இங்க ஆத்தா இல்லையே, இங்க குத்தலாமா?'ன்னாரு. என்னத்த சொல்ல? பிள்ளைகளக் கூப்பிட்டேன்."

"எத்தனை பிள்ளைகள்?"

"மறுபடி எண்ணுறீங்க பாருங்க!" என்று சிரித்தார். பக்கத்து வீட்டுக் காளியாயியும் சேர்ந்து சிரித்தார்.

4-4-1966, திங்கள்

டாக்டரின் அனுமதியோடு பழைய கட்டுகளைப் பார்த்தேன். 1951 மார்ச், அடைக்கலத்தின் ஊசிப் பதிவேடு, கரையான் அரித்தது போக மிச்சம். 19ஆம் தேதி முதல் 27 வரை அந்தத் தெருக் குழந்தைகள் முப்பத்தொருவர். இடம் என்ற கட்டத்தில் வீட்டு எண் இல்லை. 'வாழைக்கொல்லை', 'வாழைக்கொல்லை', 'ஆற்றுத்துறை'. 28ஆம் தேதி வேலை நீக்க உத்தரவு வந்திருக்கிறது. என் செய்தி 18ஆம் தேதி. அது வெளியான மறுநாளிலிருந்து, தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது, அந்த மனிதர் தோட்டம் தோட்டமாக நடந்திருக்கிறார்.

இந்தப் பதிவேட்டை யாரும் திறந்து பார்க்கவே இல்லையா?

16-5-1966, திங்கள்

பொன்னுத்தாயும் காளியாயியும் சாட்சி சொல்ல முதல் பஸ்ஸிலேயே சுகாதார அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்ததும் அடைக்கலம் எழுந்து நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம்தான்.

பொன்னுத்தாய் எல்லாவற்றையும் சொன்னார், ஒளிக்கவில்லை. டாக்டர் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"அப்ப மக்கள் ஊசியத் தடுத்தது இவருக்குத் தெரியும். மேலே எழுதல. அதுவும் தப்புதானே?"

ஒரு வரியை அழிக்கப்போய் இன்னொரு வரியா? நானே இரண்டாம் முறையும்—

பொன்னுத்தாய் விடவில்லை. "எழுதியிருந்தா நீங்க வந்திருப்பீங்க. நாங்க பிள்ளைகளத் தூக்கிட்டு ஆத்தத் தாண்டிப் போயிருப்போம். யாரு கையில குத்தியிருப்பீங்க?"

நான் பதிவேட்டை எடுத்து வைத்தேன். டாக்டர் முப்பத்தொரு பெயர்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். 'வாழைக்கொல்லை' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதுல ஒரு பிள்ளைக்காவது அம்மை வந்துச்சாம்மா?"

"ஒண்ணுக்கும் இல்லீங்க. எல்லாம் எருமை மாதிரி இருக்குதுங்க" என்றார் காளியாயி.

அன்று முதல்முறையாக அடைக்கலம் சிரித்தார்.

2-6-1966

தகவல் இல்லை. கட்டுரையின் முதல் பாதி முடிந்தது. அடைக்கலம் காலையில் துறையூர் போயிருக்கிறார் என்றார்கள், பெட்டியோடு.

24-6-1966, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. ஓய்வுக்கு ஆறு நாள் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் பதவி பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாக்ஸினேட்டராகச் சேர்ந்தவர் வாக்ஸினேட்டராகவே இறங்குகிறார். அலுவலக வாசலில் காகிதத்தை வைத்துக்கொண்டு அடைக்கலம் நின்றார்.

"இங்கிலீஷ்ல இருக்குங்க. ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வர்றீங்களா? நீங்க படிச்சாத்தான் அமிர்தம் நம்புவா. அந்தப் பழைய வரி உங்க கையால வந்ததுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

26-6-1966, ஞாயிறு

போனேன். அமிர்தம் கதவோரம் நின்றார். உட்காரவில்லை.

உத்தரவு நாலு வரிதான். தமிழில் நிதானமாகச் சொன்னேன். அடைக்கலம் என்பவர் நோயை மறைக்கவில்லை. 1951இல் எழுதப்பட்ட குறிப்பு ரத்து செய்யப்படுகிறது. அந்தத் தெருக் குழந்தைகள் முப்பத்தொருவருக்கும் அவர் ஊசி போட்டது பதிவாகியுள்ளது.

அமிர்தம் முகத்தில் அசைவில்லை. அடைக்கலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்.

"முதல் வரிய மட்டும்."

படித்தேன். உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. நான் எழுந்துவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. என்னிடம் அல்ல, கணவரிடம்:

"ஜீயபுரத்துக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"