அருவியைக் காட்டியவன்

என் வீட்டு மகாராணிக்கு,

சௌக்கியம்தானே? அம்மா முட்டிவலி எப்படி இருக்கு? சின்னவளுக்கு இருமல் நின்னுச்சா? போன்ல பேசினா சண்டையாயிடும், அதான் எழுதறேன்.

ஞாயிற்றுக்கிழமை, இங்க என்கூட வேலை பார்க்கிற நம்ம ஊர் அடுத்த வீட்டு வயரிங்காரனோட ஒரு காட்டுப் பூங்காவுக்குப் போனேன். அதிகம் பேருக்குத் தெரியாத இடம். பாதி இடிஞ்ச கோட்டை, அதுக்குப் பின்னால அருவி. அந்தக் காலத்துல கோட்டைக் காவல்காரங்க போட்ட கடிதாசி வீடு போய்ச் சேர ஆறு மாசமாகுமாம், பலகையில எழுதியிருக்கு. ஐயோ பாவம்னு நினைச்சேன்.

அருவியை முதல்ல உனக்குத்தான் காட்டணும்னு கூப்பிட்டேன். நீ எடுக்கல. பக்கத்துல அவன் தன் பொண்டாட்டிக்கு வீடியோவில காட்டிக்கிட்டு இருந்தான். அந்தப் போனுக்குள்ள இருந்து உன் குரல்: "அண்ணா, இன்னும் கொஞ்சம் மேல காட்டுங்களேன்!"

உன் போனை அடுப்படியில போட்டுட்டு அவங்க வீட்டுல போய் உட்கார்ந்துட்டியா? வயிறு எரிஞ்சுது எனக்கு. அந்தக் காவல்காரங்க பாடே தேவலை.

அடுத்த மாசம் ஊர்ல இருந்து இங்க வர்றவங்ககிட்ட உன் தலையணை உறை ஒண்ணு கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு. அந்த வீடியோவுல, அருவியைப் பார்க்காம போனையே பார்த்துக்கிட்டு ஓரமா நின்னானே ஒரு நீலச் சட்டைக்காரன், அது நான்தான்.