கத்தரிக்கோலைப் பூட்டி வைத்த தையல்காரன்

1980 மே 14

கல்முனை பசாரில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சட்டை தைக்கிறேன். என் பெண்சாதி ஸகியாவுக்கு ஒன்று தைக்க வக்கில்லை. நெல் அவித்த கிடாரம் சரிந்து வெந்த முதுகு ஆறிவிட்டது, ஆனால் புதுத்தோல். எந்தத் தையல் பட்டாலும் எரிகிறதாம். சுவரில்கூடச் சாய்வதில்லை. அடுத்த மாதம் சம்மாந்துறையில் அவள் தங்கை ஸம்ஸியாவின் கலியாணம். "நான் வரல்ல. நீங்க போய்ட்டு வாங்க" என்கிறாள்.

மே 16

ஆசுபத்திரியில் மருந்து கட்டும் சாரதாதேவி மிஸ்ஸி, அண்ணன் முறை வைத்து, வழி சொன்னார்: "தைக்காதீங்க காக்கா, பின்னுங்க. கம்பளி வேணாம், பருத்தி நூல். முதுகில தையலே வராது." பின்னல் ஊசியும் இரவல் தந்தார். நூலுக்கு மருதமுனைத் தறிக்காரர்கள் இருக்கிறார்கள்.

மே 24

கடையில் இருந்தே பின்னுகிறேன். தேத்தண்ணிக் கடை முகைதீன்பாவா எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், கூடு கட்டுறியோ? முட்டையும் போடுவியோ?"

"முதல் முட்டை ஒனக்குத்தான், பொரிச்சித் தின்னு."

அவன் போனபின் மடியைப் பார்த்தேன். கத்தரி படவில்லை, மெஷின் படவில்லை. ஒரு நூல் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு துணியாகி நிற்கிறது. சுப்ஹானல்லாஹ்! இத்தனை காலம் துணிக்குள்ளேயே கிடந்தவன், இதைப் பார்க்காமல் என்னத்தைப் பார்த்தேன்?

ஜூன் 2

முடிந்தது! நூலுருண்டை மாறிய இடங்களில் தொங்கிய நூல் வால்களையெல்லாம் ஒட்ட நறுக்கினேன். கைப்பழக்கம். ஸகியா போட்டாள், முகம் மலர்ந்தது. கையைத் தூக்கினாள் — முதுகில் ஒரு பின்னல் கண்ணி கழன்றது, அதன் கீழே இன்னொன்று, பிறகு வெள்ளத்தில் வரம்பு உடைந்த மாதிரி...

"இதுக்குத்தான் நான் வரல்லண்டு சொன்ன."

கழற்றி அழகாக மடித்து வைத்தாள். அதற்குப் பதில் நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

ஜூன் 3

மிஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தார். "தையல்காரப் புத்தி! கம்பளி எண்டா ஒட்டிக் கிடக்கும். பருத்தி வழுக்கும் காக்கா. வாலை ஒரு சாண் விடுங்க."

"முடிச்சுப் போட்டா?"

"அது முதுகில உரசாதா? வாலை ஊசியில கோத்து, கண்ணி போற வழியிலேயே கொண்டு போங்க, பிறகு திருப்பிக் கொண்டு வாங்க. கழுவிக் காஞ்ச பிறகுதான் நுனிய வெட்டுற."

வந்து முழுதும் பிரித்தேன். தப்பாக வெட்டிய துணி போனது போனதுதான். இதுவோ திரும்ப நூலாகி என் மடியில் வந்து கிடக்கிறது. தப்பைப் பொறுக்கிற துணியும் உலகத்தில் இருக்கிறதா?

ஜூன் 4

வீட்டுக் கத்தரிக்கோலை அலுமாரியில் பூட்டி, திறப்பை ஸகியாவிடம் கொடுத்தேன்.

"பைத்தியமா ஒங்களுக்கு?"

"ஓம்."

ஜூன் 20

மறுபடி பின்னிக் கழுவியது காய்ந்தது. கோத்துவிட்ட வால்கள் எந்தக் கண்ணிக்குள் போயின என்று எனக்கே தெரியவில்லை. நுனிகள் மட்டும் எட்டிப் பார்த்தன. ஸகியா திறப்பைத் தந்தாள். நறுக்குமுன் மூன்று தரம் தடவிப் பார்த்தேன் — தையல்காரன் நான்!

ஜூன் 22

கலியாணத்துக்குப் போனோம். பஸ்ஸில் புதுச் சட்டையோடும் அவள் வழமைபோல முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்தே இருந்தாள். நான் ஊர்வம்பு அளந்துகொண்டு வந்தேன். மாவடிப்பள்ளி தாண்டியதும் அவளுடைய "ம்" சத்தம் நின்றுவிட்டது. திரும்பினேன்.

சீட்டில் முதுகைச் சாய்த்து, நல்ல நித்திரை.

வாயை மூடிக்கொண்டேன்.