தனித்தனி பில்

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் டிராவல்ஸ் அலுவலக ஏசி ஓடினால் நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

ஹோட்டல் அறைக்கு முதலில் ஒரு பில் போட்டாய். விமான டிக்கெட்டுக்கு இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி வேறு பில் போட்டாய். "ஒரே நாள்ல முடிச்சா கொறஞ்சா போயிடுவே?" என்று கேட்டதற்கு, "உனக்குன்னு பாத்துப் பண்றேன்க்கா" என்றாய். அலைய வைப்பது என் தம்பிதானே என்று விட்டுவிட்டேன்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு உன் அத்தான் வீட்டைத் தாண்டப் போவதே இந்தப் பயணத்துக்குத்தான். புதுச் செருப்பைக் கூடத்திலேயே போட்டு நடந்து பழகுகிறார். கடலைப் பார்த்தே ஆக வேண்டுமாம். எதிர்வீட்டு டீச்சர் குடும்பமும் உன்னிடம்தான் வாங்கியிருக்கிறார்கள். அதே விமானம், அதே ஹோட்டல். பேச்சுத்துணைக்கு ஆச்சு.

அன்புடன்,
அக்கா

மே 6

தம்பிக்கு,

திரும்பி வந்துவிட்டோம். ஹோட்டல் வாசலில் பூட்டுத் தொங்கியது. அதை நடத்தும் கம்பெனி திவாலாம். பெட்டிகளோடு படியில் உட்கார்ந்து உனக்குப் போன் செய்தேன். "ரூமை நீ தனியா வாங்கினே, நான் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்று வைத்துவிட்டாய்.

கொஞ்ச நேரத்தில் உன் அலுவலகம் அனுப்பிய வேன் வந்தது. டீச்சர் குடும்பத்தை வேறு ஹோட்டலுக்கு ஏற்றிக்கொண்டது. நாங்களும் எழுந்து போனோம். "உங்களை ஏத்தச் சொல்லலைம்மா" என்றார் டிரைவர். டீச்சர் இறங்கி எங்களோடு நிற்கப் பார்த்தார். நான்தான் அனுப்பிவைத்தேன். அவமானமாக இருந்தது.

எங்கேயும் அறை கிடைக்கவில்லை. அத்தானுக்குக் கால் வீங்கிவிட்டது, அடுத்த விமானத்திலேயே திரும்பினோம். கடலைப் பார்க்கவில்லை.

டீச்சருக்கு ஒரே பில்லாமே. எனக்கு மட்டும் ஏன் இரண்டு?

அக்கா

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அறையையும் டிக்கெட்டையும் சேர்த்து விற்றால் அது பேக்கேஜ். நடுவில் எது கவிழ்ந்தாலும் விற்றவன் தலையில்தான் விடியும். மாற்று அறை தர வேண்டும், பத்திரமாகக் கூட்டிவர வேண்டும். வேறு வேறு நாளில் தனித்தனியாக விற்றால் அந்தப் பாரம் இல்லை. டீச்சருக்கு விற்ற பிறகுதான் அந்த ஹோட்டல் ஆட்டம் காண்கிறது என்று காதில் விழுந்தது. கமிஷனை விடவும் மனசு வரவில்லை, பொறுப்பை ஏற்கவும் பயம். வெளியாள் என்றால் புகார் கொடுத்துவிடுவான். நீ கொடுக்கமாட்டாய் என்ற தைரியம்தான்.

சொந்தத்துக்குள் இதைப் பெரிசு பண்ணாதே. அத்தானுக்குக் கால் எப்படி இருக்கிறது?

உன் தம்பி

மே 14

பயண அலுவலக உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அடுப்பில் வைத்ததை மறந்து அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஹோட்டல் ஆட்டம் காண்கிறது என்று தெரிந்தே எங்களை அனுப்பியிருக்கிறீர்கள்.

இன்று நுகர்வோர் குறைதீர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். ஒரே பயணம் என்று தெரிந்தும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பிரித்து விற்றால் அது செல்லுமா என்று விசாரிப்பார்களாம். "வித்தவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று அங்கிருந்த அம்மாள் கேட்டார். என் கணவர்தான் பதில் சொன்னார். "சின்னப் பையன், விட்டுடு" என்று வழியெல்லாம் அவரே சொல்லிக்கொண்டும் வந்தார், நொண்டிக்கொண்டே.

விடுவதாக இல்லை. வெளியாளாக இருந்திருந்தால் எங்களையும் அந்த வேனில் ஏற்றியிருப்பீர்கள். இனிமேல் நான் வெளியாள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்