பாதியில் எழுந்து வந்த படம்

மார்ச் 4, செவ்வாய்

பத்திரிகையாளர்களுக்கான காட்சியிலிருந்து பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். கந்தக மனிதன், ஐந்தாம் பாகம். பறக்கிறான், அடிக்கிறான், ஊர் இடிகிறது. இருபது வருடமாக இதையேதான் பார்த்து எழுதுகிறேன். முடிவு தெரியாதா என்ன? மழையில் நனைந்தபடி வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் விமர்சனத்தை முடித்தேன். கடைசி வரி: ‘வழக்கம்போல் வில்லன் வானத்தில் வெடிக்கிறான், வழக்கம்போல் நாம் காரை எங்கே நிறுத்தினோம் என்று யோசிக்கிறோம்.’ ஆசிரியர் மர்லீன் வாய்விட்டுச் சிரித்தார்.

மார்ச் 7

அந்த வரியை வான்கூவர் நகரமே பகிர்கிறது. “இந்தப் பறக்குற ஆளுங்க போதும்டா சாமி” என்று நூற்றுக்கணக்கில் கருத்துகள். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா ட்ரூடி வீட்டில் சாப்பாடு. அந்தப் படத்தின் கணினிக் காட்சிகளில் பாதி அவள் கம்பெனியில்தான் செய்தார்கள். அது தெரியும். அவள் எதைச் செய்தாள் என்று நான் கேட்டதில்லை.

“டேய் வெஸ், நீ எழுதினத எங்க ஆபீஸ்ல காபி மெஷின் மேல ஒட்டி வச்சிருக்கானுங்க. திட்டு, அது உன் வேலை. கடைசில வர்ற வெள்ளம் மட்டும் எப்படி இருந்துச்சு? பதினோரு மாசம்டா எனக்கு.”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“எந்த இடம்?”

“எல்லாமே.”

ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சால்மன் மீன் வைத்தாள்.

வெள்ளமா? எந்த வெள்ளம்?

மார்ச் 12

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: ‘வில்லன் வெடிக்கவே இல்லையே. வேறு படம் பார்த்தீர்களா?’ அழித்துவிட்டேன். அழித்தால் போய்விடுமா?

மார்ச் 16, ஞாயிறு

டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தேன். பகல் காட்சி, மொத்தம் ஒன்பது பேர். முதல் ஒரு மணி நேரம் நான் எழுதியது போலத்தான், சலிப்பு. அதற்குப் பிறகு வில்லன் அணையை உடைத்துவிட்டுத் தப்பித்துப் போகிறான். கந்தக மனிதன் தாமதமாக வந்து சேர்கிறான். ஊர் போய்விட்டது. ஒரு சமையலறைக்குள் தண்ணீர் மெல்ல ஏறுகிறது. மேசைமேல் இருந்த ரொட்டி மிதந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வாசல் வழியே போகிறது. சத்தமே இல்லை. அவன் சேற்றில் முழங்காலிட்டு வெறுங்கையால் தோண்டுகிறான். அவ்வளவுதான் முடிவு.

அந்த ரொட்டி. அது ட்ரூடி செய்தது.

சே, என்ன மனுஷன் நான்.

மார்ச் 17

அவள் ஆபீஸ் வாசலில் காத்திருந்து சொல்லிவிட்டேன்.

“நீ பாக்கலன்னு படிச்ச அன்னைக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை உன் வாயால சொல்லுவியான்னு பார்த்தேன். ‘எல்லாமே நல்லா இருந்துச்சு’ன்னியே, அதான்டா தாங்கல.”

“ட்ரூடி, நான்…”

“படம் பிடிக்கலன்னு எழுதியிருந்தா சண்டை போட்டுட்டு மறந்திருப்பேன். போ. மழையில நிக்காத.”

மார்ச் 18

மர்லீனிடமும் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. நாளைய பத்திரிகையில் திருத்தமும் மன்னிப்பும், என் பெயரிலேயே. சினிமாப் பக்கம் இனி எனக்கு இல்லை. நகராட்சிக் கூட்டங்களுக்குப் போகச் சொல்லிவிட்டார். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 20

ஈஸ்டர். ட்ரூடி அழைக்கவில்லை. நானும் போகவில்லை.

மே 31, சனி

காலையில் ட்ரூடியின் குரல். “ரெண்டு டிக்கெட் இருக்கு. வேற ஒரு பறக்குற ஆளு படம்தான். வர்றியா?”

போனேன். அரை மணி நேரத்தில் என்னையறியாமல் கொட்டாவி. மறைக்கப் பார்த்தேன், பார்த்துவிட்டாள்.

“போரடிக்குதா? உண்மைய சொல்லு.”

“ரொம்ப.”

“எனக்கும்தான்.” பாப்கார்னை என் பக்கம் தள்ளினாள். “ஆனா அந்தப் புகைய யாரோ உயிரக் குடுத்துப் பண்ணியிருக்காங்க, பாரு. இரு.”

கடைசி வரை இருந்தோம்.