நம் பெயிண்டில்லா வண்டி மலை ஏறியது

அன்பு மச்சான் ரத்தினத்துக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் வண்டி ஏலகிரி மலை ஏறி இறங்கியது. பதினான்கு கொண்டை ஊசி வளைவு. எங்கும் நிற்கவில்லை, எங்கும் கொதிக்கவில்லை, ஒரு நட்டுகூடக் கழன்று விழவில்லை. இதை உனக்கு முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். மற்றதெல்லாம் அப்புறம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதே.

நான் ஆம்பூரில் தோல் வியாபாரி. சந்தை சந்தையாகச் சைக்கிளில் போய் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புத் தடவி மண்டிக்குப் போட்டு மேலே வந்தவன். நீ குடியாத்தத்தில் விசைத்தறி வீட்டுப் பிள்ளை. தறிச் சத்தம் பிடிக்கவில்லை என்று ஓடிப்போய், அதைவிடப் பெரிய சத்தம் போடுகிற வேலையைப் பிடித்தாய். பஸ்ஸுக்குத் தகடு தட்டி பாடி கட்டுகிற ஷெட்.

இத்தாலியில் தோல் கண்காட்சிக்குப் போயிருந்தபோது ஒரு கடையின் வாசலில் அந்தக் காலத்து ரேஸ் கார் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். இரண்டே சீட்டு, கூரை கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் சீட்டுத் தோலைத் தடவிப் பார்த்தார்கள். நான் வண்டியைத் தடவினேன். ஒரு சொட்டு பெயிண்ட் இல்லை. வெறும் அலுமினியம், முகம் தெரியப் பாலிஷ் போட்டது. தோலைப் பார்க்கிற மாதிரி கட்டை விரலால் நீவியதும் கடைக்காரன் ஓடி வந்து சத்தம் போட்டான். நான் சாரி சொல்லிவிட்டு இன்னும் ஒரு தரம் நீவினேன்.

அசலை வாங்க என்னையே விற்றாலும் பத்தாது. நகல் போதும் என்று போட்டோக்களோடு நேராக உன் ஷெட்டுக்கு வந்தேன். நகல் என்றால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். மாட்டுத்தோலில் முதலை அச்சுப் போட்டு விற்றவன் நான். எனக்குத் தெரிந்து நல்ல நகல் உண்டு, மட்டமான நகல் உண்டு, அவ்வளவுதான்.

நீ போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"செய்யலாம் மச்சான். இன்னா கலரு அடிக்கிறது?"

"கலரே வேணாம்."

"பெயிண்ட் அடிக்கலன்னா நான் தட்டுன தட்டு பூரா தெரியும்டா. வெல்டிங் தெரியும். ஒரு எடத்துல பட்டி பூசி மறைக்க முடியாது."

"தெரியட்டும். எங்க தொழில்ல மட்டமான தோலுக்குத்தான் மேல பெயிண்ட் ஜாஸ்தி. கீறல், உண்ணி கடிச்சது, எல்லாத்தையும் மூடிடலாம். நல்ல தோல் வந்தா மேல ஒண்ணும் போடமாட்டோம். நீ நல்ல தோல் மாதிரி வேலை செய்."

அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வை! சவால் விட்டுவிட்டேன் என்று தெரிந்துபோனது. பொருள் என்னுடையது, கை உன்னுடையது, வண்டியில் பாதிப் பாதி என்று டீக்கடையில் பேசி முடித்தோம். காகிதம் கிடையாது. நான்கு வருடம் ஆனது. நம்பர் பலகை மட்டும் பாக்கி என்கிற வாரத்தில், காலையில் டீயைக் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எழுந்திருக்கவில்லை. ஒன்றரை வருடமாகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. இது சந்தோஷமான கடிதம்.

நம்பர் வந்ததும் வண்டியை எடுத்தேன். மச்சான், நீ இதை ஓட்டாமல் போனாய் என்பதுதான் என் ஒரே புகார். கியர் மாற்றும்போது முதுகுக்குப் பின்னால் இன்ஜின் கனைக்கிறது. புளியமரங்கள் முன்மூடிமேல் தலைகீழாக ஓடி வருகின்றன. எதிரே லாரி வந்தால் கதவுக்குள்ளும் ஒரு லாரி வருகிறது. வேலூர் வெயிலில் கதவு விளிம்பில் முழங்கையை வைத்தேன் பார், தோசைக்கல்தான். இப்போது முழுக்கைச் சட்டையோடுதான் ஓட்டுகிறேன்.

வேலூர் லாங் பஜாருக்குள் கொண்டுபோனது என் திமிர். கைவண்டிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நகரவில்லை. ஒருவர் பக்கத்தில் வந்து நம் கதவில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனார், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரக் கடைக்காரர் படியில் நின்று கத்தினார்:

"இன்னா அண்ணாத்த, கேரியரு நல்லா கீது, மூடி எங்க?"

சுங்கச்சாவடியில் ஒரு போலீஸ்காரர் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு இரக்கத்தோடு கேட்டார், "பெயிண்ட் அடிக்கக் காசு பத்தலையா சார்?" எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இனி என் முட்டாள்தனம். மழைக்காலம் வந்தது. வீட்டில் வண்டி நிறுத்தக் கூரை போட்ட இடம் இல்லை. என் குடோனிலேயே குளுமையான, பத்திரமான, பூட்டு நல்ல அறை எது? உப்பு அறை. பச்சைத் தோலுக்குப் போடுகிற உப்பு மூட்டைகள் அடுக்கியிருப்பது. முப்பது வருடமாக என் சரக்கைக் கெடாமல் காப்பாற்றியது உப்புதான். என் புத்தி அப்படித்தானே போகும்? தார்ப்பாயைப் போர்த்தி, பூட்டிவிட்டுப் போனேன்.

மூன்று வாரம் கழித்துத் தார்ப்பாயைத் தூக்கினால், வண்டி முழுக்க வெள்ளை பூத்திருந்தது. விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறது. அதன் கீழே பொடிப் பொடியாகக் குழி. ஆட்டுத்தோலைக் காப்பாற்றுகிற உப்பு உன் அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

பேஜார் அதோடு நிற்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் பெங்களூருவிலிருந்து ஒருவர் வண்டியைக் கேட்டிருந்தார். ஹோட்டல் வைத்திருக்கிறார். வாசலில் நிறுத்த வேண்டுமாம், சிவப்புப் பெயிண்ட் அடித்து. எனக்குக் கொடுக்க மனசே இல்லை. ஆனால் பாதி வண்டி உன்னுடையது, அதாவது இப்போது உன் மனைவி மல்லிகாவுடையது. உன் ஷெட்டை இரண்டு ஆட்களோடு அவள்தான் நடத்துகிறாள். அவளுக்குப் பணம் உதவும். அவள் பங்கை நானே வாங்கிக்கொள்ளலாமே என்பாய். நானே விலை சொல்லி நானே வாங்கினால் அதற்குப் பெயர் வியாபாரம் இல்லை, உனக்கே தெரியும். வெளி ஆள் சொல்கிற விலைதான் அவளுக்கு நியாயம். அடுத்த வார வெள்ளிக்கிழமைக்கு அவர் நாள் குறித்துவிட்டார். நடுவில் பதினோரு நாள்.

மல்லிகாவுக்குப் போன் போட்டேன்.

"வண்டியில வெள்ளை பூத்துடுச்சும்மா."

"எங்க வச்சீங்க?"

"உப்பு ரூமுல."

"அங்கியே இருங்க. வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஷெட்டின் லோடு ஆட்டோவை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, ஊறுகா போட்டீங்களா?"

"தப்புதாம்மா. ரத்தினம் இருந்தா தேய்ச்சு எடுத்துடுவான். இனிமே யாரு தேய்ப்பா? பேசாம அந்த ஆளு சொல்ற மாதிரி பெயிண்ட்டே..."

அவள் சிரித்தாள் பார் மச்சான், உப்பு மூட்டை எல்லாம் அதிர்ந்தது.

"அவரா? அவருக்குத் தேய்க்கப் பொறுமை ஏது? தட்டுனது அவரு. தேய்ச்சது நானு. முன்மூடி, ரெண்டு கதவு, பின்னாடி பூரா. நாலு வருஷம் என் கையில ரேகையே கம்மியாப் போச்சு."

ஏன்டா, என்னிடம் என்ன சொன்னாய் நீ? "கை வலிக்க நானே தேய்ச்சேன் மச்சான்" என்று விரலை எல்லாம் நீட்டிக் காட்டினாயே? ஷெட்டுக்கு வருகிற ஆட்கள் கேலி செய்வார்கள் என்று பயந்தாயா? நான் கேலி செய்வேன் என்றா? இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் வருகிறவரைக்கும் யோசித்து வை.

ஆட்டோவிலிருந்து தண்ணீர் வாளியும், நனைத்துத் தேய்க்கிற வாட்டர் பேப்பர் கட்டும் இறங்கின. சொரசொரப்பானது முதலில், வழவழப்பானது கடைசியில். எனக்கும் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள்.

"நானாம்மா?"

"பின்ன? உப்பு போட்டது யாரு? ஒரு பேப்பர்ல நேராத் தேய்ச்சா அடுத்த பேப்பர்ல குறுக்கத் தேய்க்கணும். அப்பதான் முன்னாடி கோடு போச்சான்னு கண்ணுக்குத் தெரியும். வட்டமா மட்டும் தேய்ச்சீங்க, தொலைச்சிடுவேன்."

பத்து நாள், தினமும் மூன்று மணி நேரம். வண்டியை உப்பு அறையிலிருந்து வெளியே தள்ளி, உன் ஷெட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்த்தோம். என் தோளில் இருக்கிற எலும்புகள் எத்தனை என்று எனக்கு இப்போது தெரியும். நான் வட்டமாகத் தேய்த்த இடங்களில் எல்லாம் அவள் பின்னாலேயே வந்து சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டாள், எங்கள் டேனரியில் கழித்துப் போடுகிற தோலுக்குப் போடுவது மாதிரி. ஒன்பதாவது நாள் என் பகுதியில் ஒரு குறிகூட இல்லை. உண்மையைச் சொல்கிறேன், பெரிய ஆர்டர் பிடித்த நாளில்கூட நான் வீட்டுக்கு அப்படிப் பாட்டுப் பாடிக்கொண்டு போனதில்லை. முன்மூடியின் இடது மூலையில் ஒரு குழி மட்டும் ஆழம். அதை எடுத்தால் தகடு மெலிந்துபோகும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பெங்களூருக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, வளைத்துப் பேசாமல் விலையைச் சொன்னார். நல்ல விலை. நான் மனதில் வைத்திருந்ததைவிட மேலே. மல்லிகா சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

அவர் முன்னால் எங்களுக்குள் எப்படிப் பேசுவது? பழக்கதோஷம், தோளில் இருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு அவள் பக்கம் நீட்டினேன். சந்தையில் நாங்கள் அப்படித்தான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவோம், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. மல்லிகா திருப்பத்தூர் பக்கத்து மாட்டு வியாபாரி மகள். தயங்காமல் கையை உள்ளே விட்டாள்.

இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாமா என்று இரண்டு விரலைக் கொடுத்தேன். அவள் எந்த விரலையும் கொடுக்கவில்லை. கையை மூடிக்கொண்டாள். திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. என் இரண்டு விரலையும் உள்ளே வைத்து இறுக்கினாள். எத்தனையோ துண்டுக்கடியில் எத்தனையோ கையைப் பிடித்திருக்கிறேன். மூடின கையை அன்றைக்குத்தான் பிடித்தேன். கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று புரிய ஒரு நொடி ஆனது.

"எவ்ளோ சொல்றாங்க?" என்று அவர் கேட்டார்.

மல்லிகாவே சொன்னாள். "செவப்பு வண்டி வேணும்னா செவப்பு வண்டியாப் பாத்து வாங்கிக்குங்க சார். இது எங்களுக்கு வேணும். வந்ததுக்கு பிரியாணி சாப்ட்டுப் போங்க."

அவர் நல்ல மனிதர். சாப்பிட்டுத்தான் போனார். போனதும் அவளிடம் கேட்டேன், "பணம் வேணாமாம்மா?"

"வேணும்தான். ஷெட்டு ஓடுது, வந்துடும். நாலு வருஷம் தேய்ச்சேன். ஒரு நாளாச்சும் ஓட்டுனேனாண்ணா? நீங்க கேட்டீங்களா? அவரு கேட்டாரா?"

நாம் இரண்டு பேருமே கேட்கவில்லை, ரத்தினம். சாவியை எடுத்து நீட்டினேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்கு வண்டியை ஓட்டியது நான் இல்லை, உன் பெண்டாட்டி. புடவையை இழுத்துச் செருகி, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில், என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே.

"காலை ஆட்டாதீங்கண்ணா. அங்க ஒண்ணும் கெடையாது."

முதல் மூன்று வளைவும் எனக்குச் சாமி பெயர்தான் வாயில். நான்காவதிலிருந்து அவள் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, வளைந்து வெளியே வரும்போது மிதிக்க ஆரம்பித்தாள். எனக்கு இத்தனை மாதத்தில் வராத வித்தை. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. பள்ளத்தாக்கு முழுக்கக் கதவில் இறங்கி வந்தது. பஸ் ஜன்னலில் இருந்து யாரோ விசில் அடித்தார்கள். அவள் ஹாரன் அடித்துப் பதில் சொன்னாள்.

மலைமேல் படகுத்துறைப் பக்கம் நிறுத்தினோம். போட்டோ எடுக்கக் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் என்னிடம், "யார் சார் செஞ்சது?" என்று கேட்டார். நான் உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "எங்க வீட்டுக்காரர் தட்டுனாரு, நான் தேய்ச்சேன், இவரு உப்பு போட்டாரு" என்றாள்.

அங்கேயே டீ குடித்துக்கொண்டு பேசி முடித்தோம். உனக்கும் தெரிய வேண்டியது, ஆகையால் எழுதுகிறேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கும்கூட. ஒரு ஞாயிறு அவளுக்கு, ஒரு ஞாயிறு எனக்கு. பெட்ரோல் ஓட்டுகிறவர் செலவு. மாதம் ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து தேய்ப்பது, கூலி ஆள் வைக்கக் கூடாது. கீறல் விழுந்தால் யார் என்று கேட்கக் கூடாது. ஒருவர் மட்டும் விற்கச் சொன்னால் விற்பனை இல்லை. பெயிண்ட், நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்வரை, கிடையாது.

இப்படிக்கு,
உன் மச்சான், மல்லிகாவின் அண்ணன்,
தனபால்
ஆம்பூர்