பூத்தொட்டிக்கு ஓர் ஆமென்

குன்சான்
மார்ச் 5

ஆண்டவருக்குள் அன்பான தாபின் அக்காவுக்கு, ஹேஇன் எழுதுவது.

போனில் அனுப்பிய செய்திகளை நீங்கள் திறக்கவே இல்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன். அரசுத் தேர்வுக்குப் படிக்க நீங்கள் சியோல் போன பிறகு நம் சபை ஆராதனையை நேரலையில் அனுப்பும் வேலை எனக்கு வந்துவிட்டது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே கேமராவைச் சற்று இடப்பக்கம் வைக்கிறேன். போதகரின் வழுக்கை பளபளப்பதில்லை.

வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் 'ஆமென்' என்று எழுதினால் வந்ததாகக் குறித்துக்கொள்வோம் அல்லவா? எப்போதும் உங்களுடையதுதான் முதலில் வருகிறது. சபைச் சமையலறையில் சமைக்கும் மேங் அம்மா எல்லாரையும் திட்டுகிறார்: "தாபினப் பாருங்க, அங்க இருந்துகிட்டே முந்திக்கிறா. நீங்க நேர்ல வந்து குறட்டை விடுறீங்க."

சாப்பாட்டு நேரத்தில் உங்கள் இடத்தில் நான் உட்காருகிறேன். நலமா அக்கா?

அன்புடன்
ஹேஇன்

குன்சான்
மார்ச் 19

அன்புள்ள அக்கா,

பதில் இல்லை. படிப்பு அதிகம் போலிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று போதகருக்குக் காய்ச்சல். ஆராதனையை மாலைக்குத் தள்ளி, எல்லாருக்கும் செய்தி அனுப்பினோம். காலையில் நான் நேரலையைப் போட்டுக் கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மேடையில் பூத்தொட்டி மட்டும்தான் இருந்தது. வழக்கமான நேரத்தில் உங்கள் ஆமென் வந்தது.

அக்கா, அதை எழுதுவது நீங்கள்தானா?

ஹேஇன்

சியோல்
மார்ச் 23

ஹேஇன்,

ஆமென் தானாகவே போகும்படி போன வருடம் போனில் அமைத்து வைத்தேன். யாரும் விசாரித்துக்கொண்டு வரக்கூடாது என்பதற்காக.

தேர்வில் தோற்றுவிட்டேன். என் அம்மாவுக்குத் தெரியாது. துக்கமாக இல்லை. எதுவுமே தோன்றவில்லை. படுத்தபடி போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறேன், ஜன்னல் இருட்டினால் மாலை என்று தெரியும். கடையில் இயந்திரத்திலேயே பணம் கட்டிவிடலாம். கடைசியாக வாய்விட்டு யாரிடம் பேசினேன் என்று நினைவில்லை.

யாரிடமும் சொல்லாதே. ஆமென் வந்துகொண்டிருக்கட்டும்.

தாபின்

குன்சான்
மார்ச் 26

அன்புள்ள அக்கா,

தேர்வைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இன்று உங்கள் ஆமென் வந்தும், நீங்கள் வரவில்லை என்று குறித்தேன்.

"ஏன், புள்ளைக்கு என்னாச்சு?" என்றார் மேங் அம்மா.

"தெரியலம்மா. வரல."

அவர் அகப்பையைக் கீழே வைத்தார். "வரலன்னா நாமதான் போகணும்."

வராதவர்களுக்கு வீடு சந்திப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 8, சனிக்கிழமை நாங்கள் இருவரும் பேருந்தில் வருகிறோம். போதகர் வரவில்லை, பிரசங்கம் இருக்காது. அறையைக் கூட்ட வேண்டாம், பழம் நறுக்கி வைக்க வேண்டாம். சோறும் சோயா குழம்பும் கொண்டுவருகிறோம். பேச வேண்டியதுகூட இல்லை. நான் புத்தகம் வைத்திருப்பேன்.

கதவு திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். மேங் அம்மாவின் ஜெபம் எவ்வளவு சத்தம் என்று தெரியும்தானே?

இனி என்னோடு பேசவே மாட்டேன் என்றாலும் சரி, அக்கா. வருகிறோம்.

ஹேஇன்

சியோல்
மார்ச் 30

ஹேஇன்,

கோபப்பட்டுப் பார்த்தேன். அதுவும் வரவில்லை.

அழைப்பு மணி வேலை செய்யாது. கதவைத் தட்டு. எழுந்து வரக் கொஞ்ச நேரமாகும், போய்விடாதே.

இங்கே ஒரு ஸ்பூன்தான் இருக்கிறது.

தாபின்