மன்னிப்பு நாளுக்கு முந்தின இரவு

திண்டிவனம்,
புரட்டாசி, 1943

அருகன் துணை.

அன்புள்ள ராஜமதி அக்காவுக்கு, தங்கை ஞானமதி பயத்தோடு எழுதுவது.

இதை யாருக்கும் காட்டாதே, அக்கா. ஜெயம் டீச்சருக்குக்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நீ விழுப்புரத்தில் டீச்சர் வீட்டில் இருப்பது நம் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாளைக்கு மன்னிப்பு நாள். பூசை முடிந்ததும் தெருவில் எல்லோரும் வீடு வீடாகப் போய்க் கைகூப்பி, இந்த வருஷம் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்வார்கள். உன் புருஷர் ஜம்புகுமார் மாமாவும் வருவார். மாமா என்று நான் எழுதுவது இதுதான் கடைசி. இனி அவன்தான். அவன் கேட்டதும் பொறுத்தேன் என்று சொல்லி, உன்னைத் தேடிப் பிடித்து அவனோடு அனுப்புவதாக அப்பா முடிவு செய்துவிட்டார். "கேட்டு வந்தவன இல்லேன்னு அனுப்பிட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கினு கோயிலுக்குப் போறது?" என்கிறார். உன் இடம் எனக்குத் தெரியும் என்று அவருக்குச் சந்தேகம். சாயங்காலத்திலிருந்து என் முகத்தையே பார்க்கிறார்.

மன்னிப்பதற்காக எல்லோரும் இந்த வருஷத்தை நினைத்துப் பார்க்கிறார்கள். நான் மன்னிக்காமல் இருக்க நினைத்துப் பார்க்கிறேன்.

எதிர்வீட்டிலேயே உன்னைக் கட்டிக்கொடுத்தபோது, கண்முன்னே இருப்பாள் என்று அப்பா சந்தோஷப்பட்டார். கண்முன்னேதான் இருந்தாய். கார்த்திகையில் அவன் மண்டியிலிருந்து இருட்டிய பிறகு வந்தான். நம் சமண வழக்கப்படி பொழுது போனபின் சாப்பிடக் கூடாதே, அந்தக் கோபத்தில் சோற்றுப் பானையைத் தெருவில் வீசினான். அரிசி கிடைக்காமல் நாங்கள் கேப்பைக் களி தின்ற நாள் அது.

தை மாதம் உன் கன்னம் வீங்கியிருந்தது. வாசல் நிலையில் இடித்துக்கொண்டேன் என்றாய். "உங்க வூட்டு நெலைக்கு அஞ்சு வெரலு மொளச்சிருக்குதாடி?" என்றார் பக்கத்து வீட்டுக் காந்திமதி அத்தை. கிணற்றடியே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

மாசியில் தெருவில் மல்லாட்டைக் கடலை காய்ந்தது. சாக்கை இழுத்தால் எறும்பு சாகுமென்று, வரிசை முழுவதும் போகும்வரை அவன் நின்றான். போனவர் வந்தவரெல்லாம் மெச்சினார்கள். அன்று மத்தியானம்தான் கரண்டியைக் காய்ச்சி உனக்குச் சூடு வைத்தான்.

ஆடியில் நீ ரயிலேறினாய். மறுநாளே அத்தை, ஓடிப்போனவளோடு ஒரே கிணற்றில் தண்ணீர் மொண்டதை நினைத்தால் கூசுகிறது என்றார்.

நாளைக்கு அவன் கைகூப்பியதும் தெருவே கேட்க நான் ஒன்று கேட்பேன். கரண்டி தெரிந்து செய்ததா, தெரியாமல் செய்ததா? அவன் வாயால் சொல்லட்டும். கிணற்றடியில் சிரித்ததைப் பற்றி அத்தையிடமும் கேட்பேன். அவர்கள் முகம் செத்துப்போவதை நான் பார்க்க வேண்டும். மண்டியில் அவனைப் பார்த்துக் கூலிக்காரர்கள் காறித் துப்ப வேண்டும். இது பாவமென்றால் எனக்கே இருக்கட்டும். ஆனாலும் கேட்பேன்.

விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகும் சவுரிராயன் அண்ணனிடம் காலை ரயிலில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அப்பா வந்து அழுதாலும் கதவைத் திறக்காதே. அவர் நல்லவர், அதனால்தான் சொல்கிறேன். நானே வந்து கூப்பிட்டாலும் திறக்காதே. என் பின்னால் யாராவது நிற்பார்கள். நீ நன்றாயிரு, அக்கா. வேறெதுவும் எனக்கு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்து போகிறார். அவன் குரல். நாளைவரைக்கும் பொறுக்கவில்லை. என் பெயரைச் சொல்லிக் கேட்கிறான். அக்கா, நான் சொல்லமாட்டேன், எவ்வளவு